குடும்ப நல நீதிமன்ற உத்தரவில் குழந்தையின் இடம்

பிரிந்து வாழும் தாயும் தந்தையும் தங்கள் குழந்தையைப் பற்றிக் குடும்ப நல நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைக் கையில் வாங்கியதும், பெரும்பாலும் அதன் கடைசிப் பத்தியைத்தான் முதலில் வாசிக்கிறார்கள். மனு அனுமதிக்கப்பட்டதா, தள்ளுபடி செய்யப்பட்டதா என்ற ஒற்றைச் சொல்லைத் தேடிக் கண்கள் ஓடுகின்றன. அது கிடைத்ததும் ஒரு வீட்டில் நிம்மதியும் இன்னொரு வீட்டில் இழவு விழுந்ததைப் போன்ற அமைதியும் சூழ்ந்துகொள்ள, மற்றப் பக்கங்கள் வழக்கறிஞரின் கட்டுக்குள் போய்விடுகின்றன. அடுத்த பல ஆண்டுகளுக்குக் குழந்தையின் சனிக்கிழமைகளையும் கோடை விடுமுறையையும் பள்ளிக் கட்டணத்தையும் தீர்மானிக்கப் போகிறவையோ, யாரும் நின்று வாசிக்காத அந்த நடுப்பக்க வரிகளே. நிலத்துக்குப் பட்டா வாங்குவதைப் போலக் குழந்தைக்கு உத்தரவு வாங்குவதாக எண்ணும் பழக்கம்தான் இந்தத் தவறான வாசிப்பின் வேர். பட்டாவில் உரிமையாளர் என்று ஒரு பெயர் இருக்கும். குழந்தை பற்றிய உத்தரவில் அப்படி எவர் பெயரும் இல்லை. அதில் இருப்பது, குழந்தைக்குச் சேர வேண்டியவற்றை யார், எப்போது, எப்படித் தர வேண்டும் என்ற ஏற்பாடு.

இந்தக் கருத்து சட்டத்திலேயே வேரூன்றியது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 13-ஆம் பிரிவில், காப்பாளரை முடிவு செய்யும்போது இளவரின் நலனே முதன்மையான கருத்தாக இருக்க வேண்டும் என்கிறது. இளவர் என்பது 18 வயது நிறையாதவரைக் குறிக்கும் சட்டச் சொல். சென்னையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்று 1973-இல் முடிந்த ரோசி ஜேக்கப் வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் தெளிவாக எடுத்தது. அரை நூற்றாண்டு கடந்த பின்னும், நாட்டின் எந்த மூலையில் எழுதப்படும் இத்தகைய தீர்ப்பிலும் அந்த வழக்கு மேற்கோளாக வந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது.

உத்தரவை வாசிக்க முற்படுபவர் முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். காப்பாளர் என்பவர் குழந்தையின் சார்பில் சட்டப்படி முடிவெடுக்கவும் கையெழுத்திடவும் தகுதி பெற்றவர். குழந்தையின் பெயரிலுள்ள சொத்தும் அவர் கவனிப்பில் வரும். பேச்சுவழக்கில் கஸ்டடி என்று எல்லாரும் சொல்வதோ குழந்தை அன்றாடம் யாருடன் தங்கி, உண்டு, உறங்கிப் பள்ளிக்குச் செல்கிறது என்பதைப் பற்றியது. தமிழில் அதைப் பொறுப்பு என்று சொல்வது பொருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அந்தச் சொல்லில் அதிகாரத்தைவிடக் கடமையின் பாரம் கூடுதலாகத் தொனிக்கிறது. பொறுப்பு ஒருவரிடம் தரப்பட்டதாலேயே மற்றவர் காப்பாளர் என்ற நிலையை இழந்துவிடுவதில்லை. இதை உணராததால்தான், குழந்தை தாயிடம் இருக்கிறது என்ற காரணத்துக்காகத் தந்தைக்கு மதிப்பெண் அட்டையைக் காட்ட மறுப்பதும், தந்தையே இயற்கைக் காப்பாளர் என்று சொல்லித் தாய் கையெழுத்திட்ட படிவத்தைத் திருப்பி அனுப்புவதும் நடக்கின்றன.

மேற்சொன்ன 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, இந்துக் குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்ற வரிசையில் எழுதப்பட்டுள்ளது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் கடன் பத்திரங்களுக்கு விண்ணப்பித்தபோது, தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று அது திருப்பி அனுப்பப்பட, அவர் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் ‘பின்’ என்ற சொல்லுக்குப் புதிய பொருள் தந்தது: தந்தையின் இறப்புக்குப் பின் என்று மட்டும் அதைக் கொள்ள வேண்டியதில்லை, தந்தை குழந்தையின் பராமரிப்பில் எவ்வகையிலும் ஈடுபடாமல் விலகியிருக்கும்போதும் தாயே காப்பாளராகச் செயல்படலாம். சட்டத்தின் வாசகமோ மாற்றப்படாமல் அப்படியே இருக்கிறது. தாயை இரண்டாம் இடத்தில் வைக்கும் அந்த வரிசை இன்றும் ஏட்டில் நீடிப்பது வருத்தத்துக்குரியது.

அதே பிரிவில், 5 வயது நிறையாத குழந்தையின் பொறுப்பு ‘சாதாரணமாக’ தாயிடம் இருக்க வேண்டும் என்றொரு விதி உண்டு. அந்த ஒரு சொல்லில் எத்தனையோ வழக்குகள் தொங்குகின்றன. அது தாய்க்கு அசைக்க முடியாத உரிமையையும் தருவதில்லை, எளிதில் தாண்டிவிடக்கூடிய வெற்றுச் சொல்லாகவும் இல்லை. தாயிடம் இருப்பது குழந்தைக்கு நன்மை தராது என்று காட்டும் சுமை தந்தையின் மேல் இருப்பதாக உச்ச நீதிமன்றம் 2015-இல் விளக்கியிருக்கிறது. 5 வயது முடிந்த மறுநாளே குழந்தை தந்தையிடம் போய்விடும் என்று பலர் அஞ்சுவதற்கும் சட்டத்தில் ஆதாரமில்லை. அந்த வயதுக்குப் பின் குழந்தையின் நலன் பிற எல்லாச் சூழல்களோடும் சேர்த்து எடைபோடப்படும். தாய் மறுமணம் செய்துகொண்டார் என்பதோ, தந்தையின் சம்பளம் பெரிது என்பதோ தனித்து நின்று முடிவைத் தீர்மானிக்கும் காரணமாகாது.

இஸ்லாமியக் குடும்பங்களில் ஹனஃபி மரபின்படி ஆண் குழந்தை 7 வயது வரையிலும் பெண் குழந்தை பருவமெய்தும் வரையிலும் தாயின் பராமரிப்பில் இருக்கும். ஹிஸானத் எனப்படும் இந்த உரிமையைக் கருதும்போதும் நீதிமன்றம் குழந்தையின் நலனை விட்டு விலகுவதில்லை. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டமும், சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தோருக்கு அதன் 38-ஆம் பிரிவும் வழிசெய்கின்றன. எல்லா மதத்தினருக்கும் பொதுவாக 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம் இருக்கிறது. அதன் 9-ஆம் பிரிவின்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின்மேல் அதிகாரமுள்ள நீதிமன்றத்தில்தான் மனு தொடுக்க வேண்டும் என்பதால், மதுரையில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் குழந்தையைப் பற்றிக் கோவையில் வழக்குத் தொடுப்பவர் தொடக்கத்திலேயே தடையைச் சந்திப்பார்.

இனி உத்தரவின் உடற்கூறுக்கு வரலாம். முதற்பக்கத்தில் வழக்கு எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள் பலர் நினைப்பதைவிட முக்கியமானவை. ஐ.ஏ. என்று தொடங்கினால் அது இடைக்கால மனு ஒன்றின்மேல் பிறந்த உத்தரவு. முதன்மை வழக்கு முடியும் வரை குழந்தையின் வாழ்க்கை குலையாமல் இருக்கச் செய்யப்பட்ட தற்காலிக ஏற்பாடே அது. ஜி.டபிள்யூ.ஓ.பி. என்றிருந்தால் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடுக்கப்பட்ட முதன்மை மனுவைக் குறிக்கும். இடைக்கால உத்தரவை இறுதித் தீர்ப்பென்று எண்ணி மனமுடைந்து வாய்தாவுக்குப் போகாமல் விட்டுவிடுவது பேரிழப்பில் முடியக்கூடும், ஏனெனில் ஒரு தரப்பு வராதபோது மற்றத் தரப்பை மட்டும் கேட்டு ஒருதலைப்பட்சமாக உத்தரவு பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படிப் பிறந்ததை, வராததற்குத் தக்க காரணம் காட்டி நீக்கக் கோரலாம். ஆனால் அதற்குள் கழியும் மாதங்கள் குழந்தையின் மாதங்கள். இருவரும் சமரச மையத்தில் பேசி ஒப்புக்கொண்ட விதிமுறைகள் உத்தரவோடு இணைக்கப்பட்டிருந்தால், அந்த இணைப்பும் உத்தரவின் பகுதியே என்பதால், அதையும் சேர்த்துச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்வது நல்லது. சான்றிட்ட நகல் என்பது நீதிமன்றமே முத்திரையிட்டுத் தரும் பிரதி. கைபேசியில் பிடித்த படம் அதன் இடத்தை நிரப்பாது.

உத்தரவில் மிக நிதானமாக வாசிக்க வேண்டிய பகுதி, குழந்தையைத் தன்னுடன் வைத்திராத பெற்றவர் அதை எப்போது பார்க்கலாம் என்று சொல்லும் சந்திப்பு ஏற்பாடு. வழக்கறிஞர்கள் இதை விசிட்டேஷன் என்பார்கள். நீதிமன்ற வளாகத்தில் குழந்தைகளைச் சந்திக்க ஒதுக்கப்பட்ட அறையில் சில மணி நேரம் என்பதில் தொடங்கி, வார இறுதியில் இரவு தங்குதல், கோடை விடுமுறையில் பாதி, பிறந்தநாளன்று சில மணி நேரம், குறிப்பிட்ட நேரத்தில் காணொளி அழைப்பு என்று இது பல படிகளில் அமையும். எழுதும்போது தெளிவாகத் தோன்றும் வரி, நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்ததும் குழப்பமாகிவிடும். ‘மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறு’ என்ற எளிய சொற்றொடரையே எடுத்துக்கொண்டால், 2026 பிப்ரவரி மாதம் ஞாயிற்றுக்கிழமையில் பிறக்கிறது. ஆகவே அதன் இரண்டாவது ஞாயிறு 8-ஆம் தேதி, இரண்டாவது சனியோ 14-ஆம் தேதி. தந்தை 14-ஆம் தேதி வந்து வாசலில் நிற்க, தாய் 7-ஆம் தேதியே காத்திருந்து ஏமாந்ததாகச் சொல்ல, இருவரும் மற்றவர் உத்தரவை மீறிவிட்டதாக மனு போட முடியும். இருவருமே பொய் சொல்லவில்லை. ‘இரண்டாவது சனிக்கிழமையும் அதை அடுத்துவரும் ஞாயிறும்’ என்று எழுதியிருந்தால் அந்தச் சண்டை பிறந்திருக்காது.

விடுமுறையில் பாதி என்றால் முதற்பாதியா பிற்பாதியா, அது பள்ளி கடைசியாக நடந்த நாளிலிருந்து எண்ணப்படுமா, தேர்வு முடிந்த நாளிலிருந்தா என்று கேட்க வேண்டும். தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியலும் புத்தாடையும் எந்த வீட்டில் என்பதுதான் குழந்தைக்குத் தீபாவளி. மாலை 5 மணிக்கு அழைத்துப்போகலாம் என்ற அனுமதியைத் தாளில் பார்க்கையில் பண்டிகையைப் பகிர்ந்ததாகத் தோன்றலாம், பண்டிகை அதற்குள் முடிந்திருக்கும். பொங்கல் பல நாள் நீள்வதால் பங்கிடுவது சற்று எளிது. குழந்தையை யார் கொண்டுவந்து விட வேண்டும், எந்த இடத்தில், தாமதமானால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தவறிய சந்திப்பு எந்த நாளுக்கு மாறும் என்ற நான்கு கேள்விகளுக்கும் உத்தரவில் விடையில்லாவிட்டால், மோதல் வரும் வரை காத்திராமல், தெளிவுபடுத்தக் கோரி அதே நீதிமன்றத்தில் மனு அளிப்பதே முறை. சிறு சிறு விவரங்களை எழுதச் சொல்லி வற்புறுத்துவது பிடிவாதக்காரரின் வேலை என்று கருதப்படுவதுண்டு. உண்மையில் பேசிக்கொள்ள முடியாத இருவருக்கு இடையே அந்த விவரங்களே குழந்தையின் அமைதியைக் காப்பாற்றுகின்றன.

பணம் பற்றிய வரிகளும் சந்திப்பு பற்றிய வரிகளும் ஒரே உத்தரவில் அடுத்தடுத்து நின்றாலும் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. பராமரிப்புத் தொகை வரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்ட மறுப்பதும், குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காகத் தொகையை நிறுத்துவதும் பிரிந்த பெற்றோரிடையே மிகப் பரவலாக உள்ள பழக்கம். இரண்டிலும் தண்டனை அனுபவிப்பது, முதலாவதில் பெற்றவரையும் இரண்டாவதில் பள்ளிக் கட்டணத்தையும் இழக்கும் குழந்தைதான். தொகை வராவிட்டால் அதைப் பெறத் தனி வழி இருக்கிறது: இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்கீழ் குழந்தையின் பராமரிப்புக்கும் கல்விக்கும் கோரலாம், வழக்கு நிலுவையில் இருக்கும்போது தரப்படும் அத்தகைய மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகியிருக்கும் வழியும் உண்டு. இரு தரப்பும் தம் வருமானம், சொத்து, கடன் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை, சம்பளத்தை மறைக்கும் பழைய உத்திகளுக்கு ஓரளவு கடிவாளமிட்டிருக்கிறது.

குழந்தையிடம் கேட்பார்களா என்ற கேள்வி எல்லாப் பெற்றோரின் மனத்திலும் இருக்கிறது. அறிவோடு விருப்பம் தெரிவிக்கும் வயதை அடைந்த இளவரின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. எத்தனை வயது என்று அது சொல்லவில்லை. நீதிபதி தம் அறையில் குழந்தையைத் தனியாக அமர்த்திப் பேசுவதும், மனநல ஆலோசகரின் அறிக்கையைப் பெறுவதும் வழக்கம். குழந்தை சொல்வது அப்படியே தீர்ப்பாகிவிடாது, ஏனெனில் பல மாதங்களாக ஒருவருடன் மட்டுமே வாழும் குழந்தை, அவருக்குப் பிடித்ததைச் சொல்லக் கற்றுக்கொண்டுவிடுகிறது. தந்தையிடம் வளர்ந்துவந்த சிறுமியைத் தாயிடம் ஒப்படைப்பதை ஏற்ற 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில், ஒரு பெற்றவரின் தூண்டுதலால் குழந்தை மற்றவரை வெறுக்கத் தொடங்கும் நிலையைப் பற்றி உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது. அந்தக் குற்றச்சாட்டு பிறகு வழக்குமன்றங்களில் கண்டபடி வீசப்படும் ஆயுதமாகிவிடும் அபாயமும் தோன்றியதால், தனித்தனி நிகழ்வுகளைக் காட்டி மெய்ப்பிக்காமல் ஒரு பெற்றவர்மேல் அந்த முத்திரையைக் குத்தக் கூடாது என்று 2024-இல் அதே நீதிமன்றம் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை வரவேற்கத்தக்கது; அடிவாங்கியதால் அஞ்சும் குழந்தையும், சொல்லிக்கொடுத்ததால் அஞ்சும் குழந்தையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும்.

நீதிமன்றம் எழுதியதைக் கல்லில் பொறித்ததாகக் கொள்ள வேண்டியதில்லை என்பதும் ரோசி ஜேக்கப் வழக்கு விட்டுச்சென்ற பாடமே. குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவு, தன் இயல்பிலேயே மாற்றத்துக்கு உட்பட்டது. குழந்தை வளர்கிறது, பள்ளி மாறுகிறது, ஒரு பெற்றவர் நோயுறுகிறார், இன்னொருவர் குடியிலிருந்து மீள்கிறார். சூழல் உண்மையிலேயே மாறியிருப்பதை ஆதாரத்தோடு காட்டினால், இருவரும் மனமொத்து எழுதிய ஏற்பாட்டைக்கூட நீதிமன்றம் திருத்தி எழுதலாம், ஏனெனில் குழந்தைக்குரியதைப் பெற்றோர் தமக்குள் ஒப்பந்தம் போட்டு விட்டுக்கொடுத்துவிட முடியாது. மேல்முறையீடு இதிலிருந்து வேறானது: உத்தரவு பிறந்த நாளிலேயே தவறு என்று கருதுபவர் உயர் நீதிமன்றத்துக்குச் செல்வது அது. அதற்குக் குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம் 30 நாள் என்ற குறுகிய கால வரம்பை விதித்திருப்பதோடு, இடைக்கால உத்தரவுகளுக்கு அந்தச் சட்டத்தின்கீழ் மேல்முறையீட்டை அனுமதிக்கவும் இல்லை. மனைவியோ கணவனோ வழக்கறிஞரை வைத்துக்கொள்வது அந்த நீதிமன்றங்களில் உரிமையாகத் தரப்படவில்லை, நீதிமன்றத்தின் அனுமதியோடு அமைவது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கதவைத் தட்டத் தயங்க வேண்டியதில்லை.

உத்தரவை மற்றவர் மீறும்போது எழும் ஆத்திரம் இயல்பானது. பள்ளி வாசலில் இருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுதான் அந்த நேரத்தில் நீதியாகத் தோன்றும். பின்னர் அதுவே அந்தப் பெற்றவருக்கு எதிரான மிக வலுவான சான்றாகி நிற்கும். ஒவ்வொரு தவறிய சந்திப்பின் தேதியையும் நேரத்தையும் அனுப்பிய செய்திகளையும் குறித்துவைத்து, உத்தரவை நிறைவேற்றித் தரும்படி அதே நீதிமன்றத்தில் மனு அளிப்பதே வழி. நிறைவேற்று மனுவில், வேண்டுமென்றே கீழ்ப்படியாதவரின் சொத்தை முடக்கவும், அவரை உரிமையியல் சிறையில் வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. குழந்தையை வைத்துக்கொள்ளச் சட்டப்படி உரிமையற்றவர் அதைத் தர மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் செல்லும்.

வெளிநாட்டில் பிரிந்து ஒருவர் மட்டும் குழந்தையோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பும் நிலை இன்று அரிதானதன்று. எல்லை கடந்து கொண்டுசெல்லப்பட்ட குழந்தையை விரைந்து திருப்பி அனுப்புவதற்கான 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. எனவே லண்டனிலோ டொராண்டோவிலோ பிறந்த உத்தரவு இங்கே தானாகவே நிறைவேறிவிடாது. அதைக் கருத்தில் கொள்ள வேண்டிய காரணங்களில் ஒன்றாக ஏற்று, குழந்தையின் நலனை இந்திய நீதிமன்றம் தானே மீண்டும் எடைபோடும் என்பது 2017-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நிலை. இருவரும் சேர்ந்து வளர்க்கும் கூட்டுப் பொறுப்பு முறையைச் சட்டமாக்கும்படி இந்தியச் சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையில் 2015-இலேயே பரிந்துரைத்தது. அது சட்டமாகாவிட்டாலும், இணக்கமுள்ள பெற்றோர் தம் சமரச ஒப்பந்தத்தில் அதை எழுதிக்கொள்வதற்குத் தடையில்லை.

உத்தரவு வந்த பிறகு செய்ய வேண்டிய வேலைகளில் இரண்டு பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன. ஒன்று, அதன் நகலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, குழந்தையை யார் யார் அழைத்துப்போகலாம் என்பதை எழுத்தில் பதிந்துவைப்பது. மற்றொன்று, குழந்தைக்குச் சொல்வது. 7 வயதுக் குழந்தைக்கு மனுதாரர் யார், எதிர்மனுதாரர் யார் என்று தெரிய வேண்டியதில்லை. அப்பாவை எந்தக் கிழமை பார்க்கலாம், இரவு எங்கே படுக்க வேண்டும், பள்ளிப் பை எந்த வீட்டில் இருக்கும், நடுவில் அம்மாவின் நினைவு வந்தால் போன் பண்ணலாமா என்பவைதான் அதன் கேள்விகள். சுவரில் மாட்டிய நாட்காட்டியில் அந்த நாள்களை இரண்டு நிறத்தில் வட்டமிட்டுக் காட்டி, இரண்டு வீட்டிலும் அதே நாட்காட்டி இருக்கும்படி செய்தால், பத்துப் பக்க உத்தரவு குழந்தைக்குப் புரிந்துவிடும்.